மன்றத்தின் வெளிப் பெஞ்சு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று ஊர் மன்றக் கூட்டம். நான் உறுப்பினராகி ஒரு வருடம் ஆகப்போகிறது. எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் கிடைத்த பதவி. துணி வெட்டித் தைக்கிறவளுக்கு ஊர்க் காரியம் என்ன தெரியும் என்று மகள் போனில் கேலி செய்தாள். செய்யட்டும். எனக்கு இந்தத் திங்கட்கிழமைகள் பிடித்துப்போய்விட்டன. எந்தத் தெருவிளக்கு ஏன் எரியவில்லை, யார் வீட்டு மரம் யார் கூரையில் இலை கொட்டுகிறது என்பதை ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இவ்வளவு மெனக்கெட்டுப் பேசுவார்கள் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இன்று வந்தது சந்து விஷயம். எங்கள் தெருவின் பின்னாலிருந்து பஸ் நிறுத்தம் வரை போகிற சந்து. குறுக்கு வழி கிடைத்தது என்று பைக்குகள் அதில் புகுந்து பறக்கின்றன. முட்டைக்கார அக்காவின் கொல்லைச் சுவர் சந்தை ஒட்டி இருக்கிறது. கோழிகள் மிரண்டு முட்டையிடுவதையே நிறுத்திவிட்டனவாம். போதாக்குறைக்குப் போன வாரம் ஒருவன் அவள் முழங்கையை உரசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறான்.

அக்காவும் உறுப்பினர்தான். ஆனால் எங்கள் மன்றத்தில் ஒரு விதி உண்டு. பேசப்போகிற விஷயத்தில் யாருக்காவது சொந்த அக்கறை இருந்தால் எழுந்து அதைச் சொல்ல வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும், பிறகு வெளியே வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். முடிவான பிறகுதான் உள்ளே வரலாம். செயலாளர் பெண் இதில் இம்மியும் பிசக மாட்டாள். அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'சட்டம்'. அவளுக்கும் தெரியும்.

அக்கா பெஞ்சுக்குப் போனாள். போனவள் சும்மா இருந்தாளா? நாங்கள் பேசப்பேச ஜன்னல் வழியாக "அதில்ல, அதில்ல" என்று திருத்திக்கொண்டே இருந்தாள். சட்டம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

தலைவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர் அண்ணன், சந்தை இரண்டு பக்கமும் அடைத்துவிடலாம் என்றார். மற்ற இரண்டு உறுப்பினர்கள், பேக்கரிக்காரரும் வயர்மேனும், தலையாட்டினார்கள். நான், கொஞ்சம் யோசிக்க வேண்டும், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று மட்டும் சொன்னேன். "சரி, அடுத்த ஸ்டாப்" என்றார் அண்ணன். ஒவ்வொரு விஷயத்தையும் அவர் இப்படித்தான் முடிப்பார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சட்டப்படி பார்த்தால் நேற்று நானும் எழுந்து போயிருக்க வேண்டும்.

இவர், என் வீட்டுக்காரர், தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறார். பெரிய ரோட்டில் நடைபாதை கிடையாது, லாரிகள் தோளை உரசிக்கொண்டு போகும். கண் நன்றாக இருக்கிறவர்களே பயந்து பயந்துதான் நடப்பார்கள். இவருக்கோ பார்வை ஓரத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. நேர் எதிரே இருப்பது தெரியும். பக்கத்திலும் காலடியிலும் இருப்பது தெரியாது. போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. சொட்டு மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை. இது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். இவர் வேலை பார்க்கிற பள்ளிக்குத் தெரியாது. மகளுக்குக்கூடத் தெரியாது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்.

நான் எழுந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் வாக்கு போச்சு. எழாவிட்டால் விதி போச்சு. நேற்று விதியைத்தான் விட்டேன். நாளைக்கும் கேட்டால் அதையேதான் விடுவேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

காலையில் இவர் கிளம்பிப் போவதைப் பின்கதவில் நின்று பார்த்தேன். இடது கை விரல்களைச் சுவரில் ஓடவிட்டபடி, ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு போகிறார். பார்க்கிறவர்களுக்கு விளையாட்டுப் பிள்ளைத்தனமாகத் தெரியும். பேக்கரி பின்வாசலில் நின்று பேக்கரிக்காரரிடம் இரண்டு வார்த்தை. அப்புறம் திருப்பம். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டால்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

கணக்கு வாத்தியார். புத்தகத்தைப் பார்க்காமல் பாடம் நடத்துகிறார் என்று பிள்ளைகளுக்கு அவர்மேல் பெரிய மரியாதை. முப்பது வருடமாக அதே பாடம், புத்தகம் எதற்கு என்று பெருமை வேறு. உண்மையில் ஏன் என்று எனக்குத் தெரியும்.

நேற்று தட்டுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். "டம்ளரை யாரு இங்க வச்சது?" என்றார். தினம் அங்கேதான் வைக்கிறேன். "நான்தான், புத்தி கெட்டுப்போய் வச்சுட்டேன்" என்றேன். சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் துணி எடுத்து வந்து துடைத்தேன், அவர் காலைத் தூக்கிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 3, திங்கள்

சந்து பிழைத்தது! நான்தான் பிழைக்க வைத்தேன்.

பைக்கைத்தானே நிறுத்த வேண்டும், மனிதர்களை எதற்கு நிறுத்துவது, சந்தின் வாயில் மூன்று தூண் நட்டால் போதாதா என்றேன். ஆள் போகலாம், குழந்தை வண்டி போகலாம், சைக்கிளை உருட்டிக்கொண்டு போகலாம், பைக் போகாது. டிரைவர் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. வயர்மேன், "அக்கா, இதை ஒரு மாசமா மனசுல வச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்றான். வெளியிலிருந்து முட்டைக்கார அக்கா கதவைத் தட்டி, தனக்கும் சம்மதம் என்றாள். உனக்குக் கருத்துச் சொல்ல உரிமை இல்லை என்று சட்டம் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்.

இன்றும் நான் எழுந்து போகவில்லை. மனசாட்சி கொஞ்சம் முணுமுணுத்தது. அதட்டி உட்கார வைத்தேன்.

மார்ச் 8, சனி

இன்று சந்து வாயில் அளவெடுத்தோம். யோசனை சொன்னவளே அளவும் எடு என்று விட்டுவிட்டார்கள். கடையிலிருந்து என் அளவு நாடாவையே எடுத்துப் போனேன். குழந்தை வண்டிக்கு எவ்வளவு, முட்டைக் கூடைக்கு எவ்வளவு, பேக்கரி ட்ரேக்கு எவ்வளவு. கடைசியில் டிரைவர் அண்ணன் வயிற்றையும் சுற்றி அளந்தேன். தலைவரே மாட்டிக்கொண்டால் ஊர் சிரிக்கும் அல்லவா. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். விடுங்கண்ணா, பொய் அளவு எழுதினால் தையலும் பொய்யாகும் என்றேன். விட்டார். இரண்டு விரற்கடை கூட்டிப் போட்டுக்கொண்டேன்.

நடுவில் ஒன்று, இரண்டு சுவர் ஓரத்திலும் ஒவ்வொன்று. வயர்மேன் சுண்ணாம்பால் குறி போட்டான். ஊரில் உள்ள எல்லோருடைய அளவும் என் நாடாவில் இருக்கிறது என்று ஒரே திருப்தி.

மார்ச் 17, திங்கள்

தூண் நட்டாகிவிட்டது. இவரிடம் நேற்றே விவரமாகச் சொன்னேன். மூன்று தூண், இடைவெளி தாராளம், பார்த்துப் போங்கள். "நீ நட்ட தூண் எனக்குத் தெரியாமலா?" என்றார்.

மார்ச் 18, செவ்வாய்

இவருக்கு அடிபட்டுவிட்டது.

என்னால்தான். என்னால்தான்.

சுவரைப் பிடித்துக்கொண்டுதானே நடப்பார். சுவர் ஓரத்தில் போய் ஒரு தூணை நட்டேனே. எல்லோர் வயிற்றையும் அளந்தேன், கூடையை அளந்தேன், ட்ரேயை அளந்தேன். யாருக்காக இந்தச் சந்தே வேண்டும் என்று தவித்தேனோ அந்த மனுஷன் எந்தப் பக்கமாக நடக்கிறார் என்று யோசித்தேனா? தினம் கதவில் நின்று பார்க்கிறேன். என்னத்தைப் பார்த்தேன்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள், அதுதான்.

முட்டி பெயர்ந்துவிட்டது, உதடு கிழிந்திருக்கிறது, கண்ணாடி இரண்டாக உடைந்துவிட்டது. பேக்கரிக்காரர்தான் தூக்கி உட்கார வைத்து வீடுவரை கொண்டுவந்து விட்டார். காலில் ஷூ நாடா மாட்டிக்கொண்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார். இன்று போட்டிருந்தது நாடா இல்லாத ஷூ.

மார்ச் 20, வியாழன்

என்மேல் ஒரு கோபமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "இத்தனை நாள் நடந்தேன்ல, அதுவே பெருசு" என்கிறார். இந்த வருடத்தோடு வேலையை விட்டுவிடலாம் என்று பார்க்கிறாராம். ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உனக்குப் பொத்தான் தைத்துத் தருகிறேன் என்றார். ஊசியில் நூல் கோக்க முடியாத மனுஷன்.

மார்ச் 26, புதன்

மூன்று நாளாக நான்தான் பஸ் வரை கொண்டுபோய் விடுகிறேன். கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் மாட்டேன் என்கிறார். நான் முன்னால் போக வேண்டும், அவர் பின்னால் வருவாராம், யாராவது கேட்டால் எனக்குக் கடைவீதியில் வேலை என்று சொல்ல வேண்டுமாம். தினம் காலையில் கடைவீதியில் எனக்கு என்ன வேலை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் இரண்டு பேரும்.

இன்று பாட்டு முனகவில்லை. பேக்கரி வாசலிலும் நிற்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கான அறிவிப்பு வந்தது. தூண்கள் பிரமாதமாக வேலை செய்வதால் சந்தின் மறு முனையிலும், பஸ் நிறுத்தப் பக்கம், அதே அளவில் மூன்று தூண் வைக்க வேண்டுமாம். முட்டைக்கார அக்காவின் கோரிக்கை.

அங்கேயும் வந்துவிட்டால் இவர் வேலையை விடுவது உறுதி. எதிர்த்துப் பேசலாமா? என்ன சொல்லி? தூண் யோசனையே என்னுடையது. இவரிடம் கேட்டேன், நான் விஷயத்தைச் சொல்லிவிடட்டுமா என்று. "நீ வாக்கு குடுத்திருக்க" என்றார்.

ஏப்ரல் 7, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அக்கா வாயெல்லாம் பல்லாக வந்தாள். கோழிகள் திரும்ப முட்டையிடுகின்றன. தலைவருக்கு ஒரு பொட்டலம் முட்டை கொண்டுவந்திருந்தாள். இது லஞ்சம் என்று சட்டம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அப்புறம் தூண் விஷயம் வந்தது. அக்கா வழக்கம்போல எழுந்து காரணம் சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போனாள்.

நானும் எழுந்தேன். முன்கூட்டி முடிவு செய்யவில்லை, கால் தானாக எழுந்துவிட்டது.

"எனக்கும் இதுல அக்கறை இருக்கு."

சட்டம் பேனாவைத் திறந்தாள். "என்ன காரணம்க்கா?"

"சொந்தக் காரணம்."

"அப்படி எழுத முடியாதுக்கா."

"அப்ப எழுதாதம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பெஞ்சில் நானும் அக்காவும். தூண் வேண்டும் என்கிறவளும் வேண்டாம் என்கிறவளும் ஒரே பெஞ்சில். அவள் முட்டைப் பொட்டலத்தை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள். பிறகு, "உன் வீட்டுக்காரர் விழுந்தது தூண்ல இடிச்சா?" என்று கேட்டாள்.

நான் பெஞ்சை விட்டு எழப் பார்த்தேன்.

"சொல்ல வேணாம் விடு. அவருக்குக் கண்ணு சரியில்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு நாள் அவள் கோழி இவர் காலுக்குக் குறுக்கே போயிருக்கிறது. இவர் பார்க்கவே இல்லை, தடுமாறிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக, இவர் பஸ்ஸுக்குப் போகிற நேரத்துக்கு முன்னால் கோழிகளைக் கொல்லைக்குள் விரட்டிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அவள் மறுவேலை பார்க்கிறாளாம். ஒரு வார்த்தை சொன்னதில்லை என்னிடம்.

"கோழியை விரட்டத் தெரிஞ்சுது, தூணு அவர் கால்ல தட்டும்னு தோணலையே. பாரேன், இன்னும் மூணு வேணும்னு கேட்டு எழுதியும் குடுத்துட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குத் தோணலையே அக்கா, நானே நாடா பிடித்து அளந்தேனே என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், கோழி வாசத்தோடு.

அப்போது கதவு திறந்தது. வயர்மேன் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். தனக்கும் அக்கறை இருக்கிறது என்று சொல்லிவிட்டானாம். என்ன அக்கறை என்றேன். "என் பொண்ணை கணக்குல பாஸ் பண்ண வச்சவர்க்கா. சந்து முனை பல்பை அது ப்யூஸ் போறதுக்கு முன்னாடியே மாத்திக்கிட்டு இருக்கேன். சார் சாயங்காலம் வர்றப்ப இருட்டா இருக்கக் கூடாதுல்ல" என்றான்.

அவனுக்குப் பின்னாலேயே பேக்கரிக்காரர். அவர் காரணத்தைச் சட்டம் எழுதிக்கொள்ள மாட்டேன் என்று தகராறு செய்தாளாம். "தினமும் அவர் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போனாத்தான் எனக்குப் பொழுது விடியும், இப்ப மூணு வாரமா விடியலன்னு சொன்னேன். இது காரணம் இல்லியாம்மா?" என்றார். அவரும் இவர் பஸ் ஏறிய பிறகுதான் ட்ரேக்களைச் சந்தில் இறக்குகிறார் என்பது இன்றுதான் தெரிந்தது.

நாலு பேர் உட்கார்ந்ததும் பெஞ்சு முனகியது. உள்ளே தலைவரும் சட்டமும் மட்டும். மூன்று உறுப்பினராவது இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது. கொஞ்ச நேரத்தில் டிரைவர் அண்ணனும் வெளியே வந்தார். "ஆளே இல்லாத பஸ்ஸை ஓட்டிக்கிட்டுப் போனா டிப்போவுக்குத்தான் போகணும். தீர்மானம் விழுந்துருச்சு" என்றார். பெஞ்சில் இடம் இல்லை, படியில் உட்கார்ந்தார்.

பைக்குகளை என்ன செய்வது என்று படியிலேயே பேச்சு நடந்தது. வண்டி எந்த வளைவில் திரும்பும், எதில் திரும்பாது என்று அண்ணனுக்கு அத்துப்படி. தூணே வேண்டாம், இந்தச் சுவரிலிருந்து பாதி தூரத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு, நாலடி தள்ளி அந்தச் சுவரிலிருந்து பாதி தூரத்துக்கு ஒன்று. நடக்கிறவர்கள் கம்பியைப் பிடித்தபடியே வளைந்து போய்விடலாம், பைக்குக்குத் திரும்ப இடம் இருக்காது என்று விரலால் மண்ணில் போட்டுக் காட்டினார். சட்டம் வாசலில் நின்று, வெளியே பேசுவது எதுவும் கூட்டம் ஆகாது என்று மூன்று தடவை சொன்னாள். நாலாவது தடவை சொல்லாமல் அவளும் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொன்னேன் இவரிடம். வாக்கை நான் மீறவில்லை, ஆனால் ஊருக்கு ஏற்கெனவே தெரியும் என்று. கோழி, பல்பு, ட்ரே, எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேனே, என்ன ஒரு அறிவு எனக்கு.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அப்ப இத்தனை நாளா நான் நடக்கலையா? இவங்கதான் நடத்திக்கிட்டு இருந்தாங்களா?" என்றார்.

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

ஏப்ரல் 9, புதன்

வயர்மேன் காலையில் வந்து இடது சுவர் ஓரத் தூணைப் பிடுங்கிவிட்டான். தூண் ஆடுகிறது, ஆபத்து, பழுதுபார்க்க எடுத்துப் போகிறேன் என்று ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டே. கான்கிரீட்டில் ஊன்றிய தூண் அது, பிடுங்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. சட்டம் அந்த வழியாகத்தான் போனாள். வானத்தைப் பார்த்துக்கொண்டு போனாள்.

இவர் பஸ்ஸுக்கு என்னோடுதான் வந்தார். பேசவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்னும் பேச்சில்லை. 'ம்', 'வேணாம்', 'சரி'. கல்யாணமான முதல் மாதத்தில்கூட இதைவிட அதிகம் பேசினோம்.

ஏப்ரல் 17, வியாழன்

சட்டம் புத்தகத்தைப் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறாள். எல்லா உறுப்பினருக்கும் அக்கறை இருந்தால், எல்லோரும் உள்ளே உட்கார்ந்தே பேசலாம் என்று ஒரு துணை விதி. வரும் திங்கள் சிறப்புக் கூட்டம். அப்படியானால் நானும் உள்ளே இருக்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். "உங்களைத் தவிரக்கா. உங்களோடது வீட்டு அக்கறை" என்றாள்.

இதை இவரிடம் சொன்னபோது, "ஊர்க்காரங்களும் வந்து பேசலாமா அங்க?" என்று கேட்டார். ஒன்பது நாளில் முதல் முழு வாக்கியம்.

ஏப்ரல் 21, திங்கள்

சட்டை இஸ்திரி போட்டுக் கொடுக்கச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டே மன்றம் வரை வந்தார், தெருவே பார்க்க. உள்ளே போனார். நான் பெஞ்சுக்குப் போனேன்.

தனியாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலில் இவர் குரல் மட்டும், வகுப்பில் பேசுகிற அதே குரல். என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை. ஜன்னலோரம் நகர்ந்து உட்காரலாமா என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் சட்டம் வந்து ஜன்னலைச் சாத்தினாள்.

பிறகு உள்ளே பெரிய சிரிப்பு. டிரைவர் அண்ணன் சிரிப்பு தனியாகக் கேட்டது.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன சொன்னீர்கள் என்றேன். "உள்ள பேசினதை வெளிய சொல்லக் கூடாதாம்" என்றார். உதட்டுத் தழும்பு கோணும்படி சிரித்தார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நீயும் மெம்பர்தானே, உன்னிடம் சொன்னால் தப்பில்லை என்று முட்டைக்கார அக்கா காலையிலேயே வந்து ஒப்பித்துவிட்டாள்.

இவர் எழுந்து நின்று, "எனக்குப் பக்கத்துலயும் கீழயும் கண்ணு தெரியாது. உங்க எல்லாருக்கும் தெரியும்ங்கிறது எனக்கு இப்பத்தான் தெரியும்" என்று ஆரம்பித்தாராம். செய்ததற்கெல்லாம் நன்றி, ஆனால் இனிமேல் எனக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள் என்றாராம். கோழியை விரட்ட வேண்டாம், அதன் சத்தம் கேட்டால்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று புரியும். ட்ரேயை இறக்கிக்கொள்ளலாம், வலது பக்கம் மட்டும். கம்பித் தடுப்புக்கு மஞ்சள் பூசினால் தெரியும், சாம்பல் நிறம் தெரியாது. எதிரே வருகிறவர்கள் சத்தம் போடாமல் ஒதுங்கி நிற்பது வேண்டாம், நான் இன்னார் என்று சொல்லிக்கொண்டு வர வேண்டும்.

"யாருன்னு சொல்லலேன்னா நேரா வந்து மேல மோதுவேன், தலைவர் மேல மோதினா எனக்கு அடிபடாது, மெத்தைதான்"னு சொன்னாரும்மா என்று சொல்லி அக்கா சிரித்தாள். அதுதான் அந்தச் சிரிப்பு.

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "தூணை அளந்தது தப்புன்னு அவ மருகிக்கிட்டு இருக்கா, அவளை யாரும் ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னார். அதுக்குத்தான் அவ்வளவு நேரம் ஆச்சு, அதையே ரெண்டு தடவை சொன்னாரு" என்றாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மகளுக்குப் போன் போட்டு அவரே சொன்னார். அவள் அழுதாள், பிறகு இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். பள்ளியிலும் சொல்லிவிட்டார். பெரிய எழுத்தில் தாள் அச்சடித்துத் தருகிறோம், அடுத்த வருடமும் பத்தாம் வகுப்பு உங்களுக்குத்தான் என்று தலைமையாசிரியை சொல்லியிருக்கிறார். இத்தனை எளிதா என்று இவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

மே 3, சனி

தூண்களுக்குப் பதிலாகக் கம்பித் தடுப்பு வந்துவிட்டது. மஞ்சள் பூசியாயிற்று. இந்த முறை நாடா எடுத்துக்கொண்டு போனது நான்தான். ஆனால் முதலில் இவரை நடக்கவிட்டு, கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறி போட்டோம். இரண்டு தடவை மாற்றிப் போடச் சொன்னார். கல்யாணச் சட்டைக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பிகு பண்ணியதில்லை.

சாயங்காலம் ஒரு பைக் வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவன் திட்டிக்கொண்டே உருட்டிப் பின்னால் போனான். அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டி வழியனுப்பி வைத்தாள்.

மே 5, திங்கள்

முதல் நாள். கோடை விடுமுறையிலும் பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்கிறார். தனியாகத்தான் போவேன் என்றார். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"சார், வயர்மேன் வர்றேன்." "பேக்கரி, சார். ட்ரே வலது பக்கம் இருக்கு." கோழிகள். யாரோ ஒரு பெண், "நான் சட்டம், சார்." அந்தப் பெயரை அவளே சொல்லிக்கொண்டதை இன்றுதான் கேட்டேன். ஒவ்வொருவருக்கும் இவர் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே போகிறார். குரல் தேய்ந்து தேய்ந்து திருப்பத்துக்கு அப்பால் போனது. இன்று மாலை மன்றக் கூட்டம், பொதுக்குழாய்ச் சண்டை. அதில் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை, உள்ளேயே உட்காரலாம்.

மே 9, வெள்ளி

காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நீ படு, நான் கிளம்புறேன்" என்றார். படுத்தேன். தூங்கியும்விட்டேன். நான் எழுந்தபோது அவர் முதல் வகுப்பையே முடித்திருப்பார்.